சைனீஸ் டின்னர் + 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்': வயிறு நிறைஞ்ச பிறகு பார்க்க வேண்டிய படம்!

'எப்போ மீட் பண்றோம்?' என்று மூன்று வாரமாக வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி, ஆறு பேர். சாப்பாடு சைனீஸ், அப்புறம் ஒரு காமெடிப் படம். சூப்பர் பிளான்தான். ஆனா, வழக்கமா என்ன நடக்கும்? ஆளுக்கொரு டப்பா ஃப்ரைட் ரைஸ் வரும். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்பூன், ஒரு கையில் போனோடு சாப்பிட்டு முடிப்போம். என்ன படம் பார்ப்பது என்று தேடவே முக்கால் மணி நேரம் போகும். படம் பாதி ஓடும்போது ரெண்டு பேர் சோபாவில் குறட்டை விடுவார்கள். மூன்று வாரம் காத்திருந்து சந்தித்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய நேரம் மொத்தம் பத்து நிமிஷம் இருக்குமா?

இந்த முறை கொஞ்சம் மாத்தி யோசிக்கலாம். சாப்பாடு அதே சைனீஸ்தான், ஆனால் சீனக் குடும்பங்கள் சாப்பிடும் முறையில். படம், 2018-ல் வெளிவந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்'. இந்தச் சாப்பாட்டுக்கும் இந்தப் படத்துக்கும் பொருத்தம் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. படத்தின் முக்கியமான திருப்பங்கள் பலவும் ஏதாவது ஒரு மேசையைச் சுற்றித்தான் நடக்கின்றன. அந்த மேசையின் பழக்கவழக்கங்கள் தெரிந்தால் சப்டைட்டிலில் வராத பாதிப் படமும் புரிந்துவிடும். அதனால்தான் முதலில் சாப்பாடு, அப்புறம் படம்!

என்ன படம் இது?

சிங்கப்பூரில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் எழுத்தாளர் கெவின் க்வான். அவர் 2013-ல் எழுதிய நாவல்தான் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்'. ஜான் எம். சூ இயக்கத்தில் அது படமானது.

கதை சிம்பிள். ரேச்சல் நியூயார்க்கில் பொருளாதாரப் பேராசிரியை. சீனாவிலிருந்து வந்த அம்மா தனி ஆளாக நின்று வளர்த்த பெண். காதலன் நிக், நண்பன் கல்யாணத்துக்காக அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போகிறான். அங்கே போன பிறகுதான் தெரிகிறது, அவன் குடும்பம் நாட்டின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்று என்பது. அம்மா எலினோருக்கு (மிஷேல் யோ) இந்தப் பெண்ணைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ரேச்சலின் முகம் சீன முகம்தான், சீன மொழியும் பேசுகிறாள். ஆனாலும் 'நம்மாளு' இல்லை. இது நமக்குத் தெரியாத கதையா என்ன? நம்ம ஊர் கல்யாணப் பேச்சுகளில் கேட்காத வசனமா?

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோ ஒன்று, இன்றைய காலத்தில் நடக்கும் கதையை முழுக்க ஆசிய முகங்களோடு எடுத்தது 1993-ன் 'தி ஜாய் லக் கிளப்'புக்குப் பிறகு இதில்தான். நடுவில் 25 வருஷ இடைவெளி. (அதுவும் ஒரு நாவலிலிருந்து வந்த படமே. அதில் நடித்த லிசா லூதான் இதில் நிக்கின் பாட்டி!) ஓ.டி.டி நிறுவனம் ஒன்று பெரும் தொகை தர முன்வந்தும், இது தியேட்டரில் கூட்டமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் என்று கெவின் க்வானும் ஜான் சூவும் மறுத்துவிட்டார்கள். சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க 23 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நண்பர்கள் கூட்டத்தோடு பார்க்க இதைவிட வேறென்ன சிபாரிசு வேண்டும்?

உங்க மஞ்சூரியன் எந்த ஊர்?

ஆர்டர் பண்ணும் முன் ஒரு விஷயம். நம்ம ஊரில் 'சைனீஸ்' என்று சாப்பிடுவதில் பெரும்பகுதி இந்தியாவில் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கொல்கத்தா பக்கம் சீனர்கள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஹக்கா இனத்தவர் டாங்ரா பகுதியில் தோல் தொழில் செய்தார்கள், ஹோட்டல்களும் நடத்தினார்கள். மெனுவில் இருக்கும் 'ஹக்கா நூடுல்ஸ்' பெயர் அவர்கள் தந்தது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர், 1975-ல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்தபோது இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் கார்ன்ஃப்ளாரும் சேர்த்துச் செய்ததுதான் சிக்கன் மஞ்சூரியன் என்று சொல்லப்படுகிறது. சீனாவின் மஞ்சூரியாவில் போய் 'கோபி மஞ்சூரியன்' கேட்டால், அப்படின்னா என்னன்னு நம்மகிட்டயே திருப்பிக் கேட்பார்கள்.

அதற்காக மஞ்சூரியனை ஒதுக்க வேண்டாம். சீனர்கள் இங்கே வந்து நம்ம மிளகாயைச் சேர்த்துச் சமைத்த சாப்பாடு அது, அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. தாராளமா ஆர்டர் பண்ணுங்க. இன்றைக்கு மாற்ற வேண்டியது மெனுவை அல்ல, சாப்பிடும் முறையைத்தான்.

எல்லாம் நடுவில் இருக்கட்டும்

'நான் ஒரு ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸ், நீ?' என்று ஆளுக்கொன்றாகச் சொல்வது நம்ம பழக்கம். சீனக் குடும்பச் சாப்பாட்டில் 'என் பிளேட்' என்று ஒன்று கிடையாது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னக் கிண்ணம் வெறும் சோறு, அவ்ளோதான். மற்ற எல்லாம் மேசையின் நடுவில் இருக்கும். எல்லாருக்கும் எல்லாமும் பொது.

ஆறு பேர் என்றால் ஆறு ஐட்டம் போதும். ஆளுக்கு ஒன்று என்று கணக்கு, ஆனால் யாருக்கும் சொந்தம் இல்லை. தேர்ந்தெடுக்கும்போது ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சூப், ஆவியில் வெந்த ஒன்று, எண்ணெயில் பொரித்த ஒன்று, கீரையோ பீன்ஸோ மாதிரி பச்சையாக ஒன்று, குழம்பு மாதிரி ஒன்று, அசைவம் உண்டென்றால் முழு மீன் ஒன்று. காரத்துக்குப் பக்கத்தில் காரமில்லாதது, மொறுமொறுப்புக்குப் பக்கத்தில் மென்மையானது. நம்ம இலைச் சாப்பாட்டில் அப்பளத்துக்குப் பக்கத்தில் பாயசம் இருக்கிறதே, அதே கணக்குதான்.

இன்னொரு வித்தியாசம். நாம் ஃப்ரைட் ரைஸில்தான் ஆரம்பிப்போம். பெரிய சீன விருந்துகளில் ஃப்ரைட் ரைஸோ நூடுல்ஸோ கிட்டத்தட்ட கடைசியில் வரும். மற்றதையெல்லாம் ருசித்த பிறகும் வயிற்றில் இடம் இருந்தால் அதை நிரப்பத்தான் அது.

சுற்றும் தட்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர்

சைனீஸ் ரெஸ்டாரன்ட்டுகளில் வட்ட மேசையின் நடுவில் சுற்றும் தட்டு ஒன்று இருக்குமே, அது ஆயிரம் வருஷப் பாரம்பரியம் என்று நினைத்தால், இல்லை! மலேசியாவின் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-டே என்பவர், 1910-11-ல் மஞ்சூரியாவைச் சூறையாடிய நுரையீரல் பிளேக்கை எதிர்த்து நின்றவர். துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தை அப்போது பெரிய அளவில் பயன்படுத்த வைத்தவரும் அவரே. எல்லாரும் தங்கள் வாயில் வைத்த சாப்ஸ்டிக்கால் பொதுக் கிண்ணத்தில் எடுப்பதால் நோய் பரவுகிறதே என்று யோசித்த அவர், 1915-ல் முன்வைத்த யோசனைகளில் ஒன்றுதான் சுற்றும் தட்டு. கூடவே எடுத்துப் போட தனிக் கரண்டி. 1950-களில் அமெரிக்காவின் சீன ரெஸ்டாரன்ட்டுகளுக்குள் நுழைந்த பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நோய் பரவுகிறது என்றதும், 'ஆளுக்கொரு பிளேட்டில் தனித்தனியா சாப்பிடுங்க' என்று சொல்வதுதான் சுலபமான வழி. அவர் அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. ஒன்றாகச் சாப்பிடும் வழக்கத்தையும் காப்பாற்றி, நோயையும் தடுக்க என்ன வழி என்று தேடினார். கொரோனா காலத்தைத் தாண்டி வந்த நமக்கு அந்தக் கவலையின் அருமை புரியும்.

வீட்டில் சுற்றும் தட்டு இல்லையா? பரவாயில்லை. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனிக் கரண்டி போட்டு வையுங்கள், போதும். தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தாலும் சரிதான்.

மேசையில் கவனிக்க வேண்டியவை

சட்டம் எதுவும் இல்லை. ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டால் சாப்பிடுவதே ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிடும்.

* மூத்தவர் கை வைத்த பிறகே மற்றவர்கள் ஆரம்பிப்பது வழக்கம். 'தாத்தா சாப்பிடுங்க, பாட்டி சாப்பிடுங்க' என்று சின்னவர்கள் சொல்லிவிட்டுத் தொடங்கும் வீடுகள் இன்றும் உண்டு. உங்கள் கூட்டத்தில் யார் மூத்தவர் என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு சண்டை நடக்கட்டும்.

* நல்ல துண்டை முதலில் பக்கத்தில் இருப்பவர் கிண்ணத்தில் வையுங்கள். பாசத்தை வாயால் சொல்லாத வீடுகளில், கிண்ணத்தில் வந்து விழும் அந்தத் துண்டுதான் பாசம். நம்ம அம்மாக்கள் கேட்காமலே இன்னொரு தோசை வைப்பார்களே, அது போல.

* சோற்றுக் கிண்ணத்தில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுவத்தி போலத் தோன்றும் என்பதால் அது அபசகுனம்.

* டீ ஊற்றும்போது முதலில் மற்றவர்களுக்கு, கடைசியில்தான் உங்களுக்கு. யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால், இரண்டு விரலால் மேசையில் லேசாகத் தட்டுங்கள். தென்சீனாவில் 'நன்றி' சொல்லும் முறை அது. மாறுவேடத்தில் போன பேரரசர் சியென்லுங் தன் பணியாளுக்கே டீ ஊற்றினாராம். மண்டியிட்டு வணங்கினால் குட்டு உடைந்துவிடும் என்று அந்தப் பணியாள் விரல்களை மடக்கி மேசையில் தட்டினாராம். இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

* மீனை முழுசாக வைப்பதற்கும் காரணம் உண்டு. சீன மொழியில் மீனுக்கும் 'மிச்சம், உபரி' என்பதற்கும் ஒரே உச்சரிப்பு: 'யூ'. வீட்டில் எப்போதும் மிச்சம் இருக்கட்டும் என்ற வேண்டுதல் அது. ஒரு பக்கம் தின்று முடித்ததும் மீனைத் திருப்பிப் போட மாட்டார்கள் கடலோரக்காரர்கள். படகு கவிழ்வதற்குச் சமமாம். நடுமுள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைச் சாப்பிட வேண்டியதுதான்.

* 4 ஆகாத எண். அதை உச்சரிக்கும்போது 'சாவு' என்ற சொல் நினைவுக்கு வரும். 8 அதிர்ஷ்ட எண். அது செல்வம் கொழிப்பதைக் குறிக்கும் சொல்லோடு ஒலியில் ஒத்துப்போகிறது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை 8.8.2008 அன்று இரவு 8 மணிக்குத் தொடங்கினார்கள் என்றால் பாருங்கள்! இந்த 8-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் வேலை இருக்கிறது.

ஒரு ஐட்டமாவது கூடிச் செய்யுங்கள்

ஐந்து ஐட்டம் பார்சலில் வரட்டும். ஆறாவதை மட்டும் எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள்: டம்ப்ளிங். மைதாவைத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவு போல் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிடுங்கள். அதனோடு துருவிய கேரட், பனீர் அல்லது சிக்கன் கொத்து, இஞ்சி, மிளகுத்தூள், கொஞ்சம் சோயா சாஸ். மாவைச் சின்னப் பூரிகளாக, ஓரம் மெல்லிசாக, நடுவில் சற்றுத் தடிமனாக இடுங்கள். ஒரு ஸ்பூன் பூரணம் வைத்து, சோமாஸ் போல மடித்து ஓரத்தை ஒட்டி மடிப்பு வையுங்கள். எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் வைத்து ஆவி கட்டினால் பத்து நிமிஷத்தில் ரெடி.

கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் ஒருவர் இருந்தால் அவர்தான் அன்றைக்கு ஹீரோ. மற்றவர்கள் பிடித்ததைப் பார்த்துச் சிரிக்கலாம். கையெல்லாம் மாவாக இருப்பதால் யாரும் போனைத் தொட முடியாது என்பது கூடுதல் லாபம்! வட சீனாவில் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் குடும்பமே உட்கார்ந்து இதைச் செய்யும். பழைய காலத்து வெள்ளிக் கட்டியின் வடிவம் என்பதால் அது செல்வத்தின் அடையாளமும்கூட.

சாப்பிட்டாச்சு, டீயும் ஆச்சு. இனி லைட்டை அணைத்துப் படத்தைப் போடலாம்.

படத்தில் நாலு மேசை

முதல் மேசை, நண்பர்களுடையது. விமானத்தில் வந்து இறங்கியதும் நிக்கும் ரேச்சலும் நேராகப் போவது மாளிகைக்கு அல்ல, நியூட்டன் ஹாக்கர் சென்டருக்கு. சிங்கப்பூர்த் தமிழில் அழகாக 'உணவங்காடி நிலையம்' என்பார்கள். தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களை 1970-களில் அரசு இப்படிக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தது. 2016-ல் இந்த ஊரின் இரண்டு ஹாக்கர் கடைகளுக்கு மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது. 2020-ல் ஹாக்கர் கலாசாரத்தையே யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. படத்தில் அந்த மேசையைக் கவனியுங்கள். எல்லாம் நடுவில் இருக்கிறது, ஆளாளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 'உன் குடும்பம் என்ன, சொத்து என்ன' என்று ரேச்சலை யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டாள்.

இரண்டாவது, புதுப் பணக்காரர் மேசை. ரேச்சலின் கல்லூரித் தோழி பெய்க் லின் (அக்வாஃபினா) வீட்டில் மதியச் சாப்பாடு. வீடெங்கும் தங்கம் பளபளக்கும். தோழியின் அப்பாவாக கென் ஜியோங் அடிக்கும் லூட்டியில் வயிறு வலிக்கும். சாப்பிடாமல் அடம்பிடிக்கும் குழந்தையிடம், அமெரிக்காவில் எத்தனை பிள்ளைங்க பட்டினி கிடக்குது தெரியுமா என்கிற பாணியில் ஒரு அதட்டல் போடுவார். அமெரிக்கப் பெற்றோர் ஆசியக் குழந்தைகளைக் காட்டிக் காலம் காலமாகச் சொன்ன வசனத்தை அப்படியே திருப்பிப் போட்ட கிண்டல் அது. ஆர்ப்பாட்டமான வீடுதான், ஆனால் ரேச்சலுக்கு அங்கே மனசு நிறைந்த வரவேற்பு.

மூன்றாவது, குடும்ப மேசை. நிக்கின் குடும்பமே உட்கார்ந்து டம்ப்ளிங் மடிக்கும் காட்சி. அரை மணி நேரத்துக்கு முன்னால் நீங்களும் மடித்தீர்களே, அதேதான்! பார்க்க அவ்வளவு இதமாக இருக்கும். ஆனால் இந்த மேசையில் இடம் பிடிக்க டம்ப்ளிங் மடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பிள்ளைகளுக்குக் கையால் சமைத்துப் போட்டு வளர்ப்பது என்றால் என்ன, குடும்பத்துக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எலினோர் பேசப் பேச, 'இது உன் மேசை இல்லை' என்ற செய்தி மரியாதை குறையாமல் ரேச்சலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு பாட்டி வந்து எலினோர் மடித்த டம்ப்ளிங்கிலேயே குறை கண்டுபிடிப்பார். இன்றைய மாமியாரும் அந்த வீட்டில் இன்னும் பரீட்சை எழுதும் மருமகள்தான் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நாலாவது, மாஜாங் மேசை. படத்தின் உச்சம். இதற்கு மட்டும் கொஞ்சம் கோச்சிங் தேவை.

ரம்மி தெரியுமா? அப்போ மாஜாங்கும் புரியும்

நம்ம ரம்மியில் கையில் 13 சீட்டு. ஒன்றை எடுத்து ஒன்றைப் போடுவோம். மாஜாங்கிலும் கையில் 13 காய்கள். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். 14-வது காயோடு, மூன்று மூன்றாக நாலு செட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்துவிட்டால் ஜெயிச்சாச்சு. நாலு பேர் ஆடுவார்கள். மூங்கில், வட்டம், எழுத்து என்று மூன்று வகைக் காய்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை. இவை போக காற்று, டிராகன் காய்கள் தனி. முக்கியமான விதி, நீங்கள் வேண்டாம் என்று கீழே போட்ட காய் எதிரில் இருப்பவருக்குத் தேவைப்பட்டால் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் காட்சியில் எதிரெதிரே எலினோரும் ரேச்சலும். ஒருவர் அமர்ந்திருப்பது கிழக்கு இருக்கை, மற்றவர் மேற்கு. பேசிக்கொண்டே ஆடும் ரேச்சலின் கைக்கு ஒரு காய் வரும்: மூங்கில் 8. சாப்பிடும்போது பேசினோமே, அதே அதிர்ஷ்ட எண். அந்தக் காயை அவள் என்ன செய்கிறாள், அது யார் கைக்குப் போகிறது, கடைசியில் தன் காய்களைத் திறந்து காட்டிவிட்டு ஏன் எழுந்து போகிறாள் என்று பாருங்கள். இதற்கு மேல் சொன்னால் அடிக்க வருவீர்கள். ஒன்றே ஒன்று மட்டும்: படத்தின் ஆரம்பத்தில் ரேச்சல் வகுப்பில் சீட்டாடிக்கொண்டே பாடம் நடத்துவாள். அந்தக் காட்சியை மறக்காதீர்கள்.

நாவலில் இது இல்லையே!

புத்தகம் படித்தவர்கள் கூட்டத்தில் ஒருவர் இருப்பார். 'புக்ல இப்படி இல்ல' என்று நடுவில் நிறுத்துவார். அவர் சொல்வது உண்மைதான். மாஜாங் காட்சி நாவலில் கிடையாது, திரைக்கதையில் சேர்த்தது. குடும்பத்தைச் சேர்க்க மறுக்கும் லண்டன் ஹோட்டல் காட்சி நாவலில் 1986-ல் நடக்கும், படத்தில் 1995-ல். நாவல் பல பேரின் கதையாக விரியும். யார் யாருக்கு உறவு, எந்தச் சாப்பாடு என்ன என்று விளக்கும் அடிக்குறிப்புகளே ஒரு தனிக் காமெடி. படம் ரேச்சலின் பக்கம் நின்று கதை சொல்கிறது.

பெரிய மாற்றம் எலினோர்தான். நாவலில் அவர் கிட்டத்தட்ட முழு வில்லி. படத்திலோ மிஷேல் யோ அவரை, தானும் ஒருகாலத்தில் நிராகரிக்கப்பட்டு அதை மறக்காத ஒரு பெண்ணாக மாற்றிவிடுகிறார். இதில் எது பெட்டர் என்று படம் முடிந்ததும் சண்டை போடுங்கள். புத்தகத்திலிருந்து வந்த படத்தைக் கூட்டமாகப் பார்ப்பதன் சுகமே அதுதான். நாவல் பிடித்துவிட்டால் 2015-லும் 2017-லும் வந்த அடுத்த இரண்டு பாகங்களும் காத்திருக்கின்றன.

படம் காட்டாத மேசை

சிரித்து முடித்த பிறகு இதையும் பேசலாம். தமிழ், சிங்கப்பூரின் நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் இந்தப் படத்தில் தமிழர்களையும் மலாய்க்காரர்களையும் தேட வேண்டியிருக்கும். பழுப்பு நிறத்தவர் தென்படுவது பெரும்பாலும் காவலாளிகளாகவும் வேலையாட்களாகவும்தான். படம் வந்தபோதே சிங்கப்பூரில் இந்த விமர்சனம் எழுந்தது. ஹாலிவுட் மேசையில் தங்களுக்கு இடம் கேட்டு ஜெயித்த படம், தன் மேசையில் பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்காலி போட மறந்துவிட்டது.

நிஜச் சிங்கப்பூரின் மேசை அப்படி இல்லை. அங்கே பிரபலமான மீன்தலைக் கறியையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக, கேரளத்திலிருந்து போன ஒரு சமையல்காரர் 1949 வாக்கில் தென்னிந்தியக் குழம்பில் தலையைப் போட்டு உருவாக்கியது என்கிறார்கள். அது இன்றைக்கு எல்லா இனத்தாரின் மேசையிலும் இருக்கிறது.

அப்போ டைம் டேபிள்?

ஆறரைக்கு மாவு பிசைய ஆரம்பித்தால் எட்டுக்குச் சாப்பாடு. ஒன்பதுக்கு டீ. ஒன்பதேகாலுக்குப் படம் போட்டால், ரெண்டு மணி நேரம்தான், பதினொன்றேகாலுக்கு முடிந்துவிடும். பசியோடு மட்டும் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள், ஹாக்கர் சென்டர் காட்சியிலேயே தாங்காது. எந்த ஓ.டி.டி-யில் இருக்கிறது என்று முதல் நாளே தேடி வைத்துவிடுங்கள். மொழிப் பிரச்னை இருந்தால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பில். சீன விருந்துகளில் 'நான்தான் கொடுப்பேன்' என்று ஆளாளுக்குப் பில்லைப் பிடுங்கிச் சண்டை போடுவது ஒரு சடங்கு. நம்ம ஊர் ஹோட்டல் கல்லாவிலும் பார்த்த காட்சிதான் அது. இப்போது அந்தச் சண்டையே போய்விட்டது. சாப்பிட்ட கை காய்வதற்குள் 'ஆளுக்கு இவ்வளவு' என்று யு.பி.ஐ ரிக்வெஸ்ட் வந்து நிற்கிறது. கணக்கு சரிதான், தப்பில்லை. ஆனாலும் ஒருமுறை 'இந்தத் தடவை நான், அடுத்த தடவை நீ' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த தடவை ஒன்று உண்டு என்பது அங்கேயே உறுதியாகிவிடும்.

படத்தில் நாலு மேசை என்றோம். 4 ஆகாத எண்ணாச்சே! கவலை வேண்டாம், உங்க மேசையையும் சேர்த்தால் அஞ்சு. அதில் புதுசாக யாருக்காவது ஒரு இடம் போடுங்க. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர், ஊருக்குப் புதிதாக வந்தவர், நண்பன் முதல்முறை அழைத்து வரும் காதலி... யாராக இருந்தாலும் சரி, டம்ப்ளிங் மடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் துண்டை அவங்க கிண்ணத்தில் வைங்க!